கணக்கில் 95க்கு மேல் வாங்கும் பிள்ளையை மேல்வகுப்புக் கணக்குக்கு அனுப்பலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. கணக்கில் 95க்குக் குறைந்ததே இல்லை. வீட்டுப்பாடம் முடிந்ததும் அண்ணனுடைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துத் தானாக ஏதோ போட்டுப் பார்க்கிறாள். ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். சனி, ஞாயிறு வகுப்பு. ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கை இப்போதே நடத்துகிறார்களாம். ஜூன் முதல் வாரத்துக்குள் முழுக் கட்டணமும் கட்டச் சொல்கிறார்கள். கணவர் விசைப்படகில் போகிறவர். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. அவள் இதற்குத் தயாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அண்ணன் புத்தகத்தை அவளாகவே எடுக்கிறாள் என்பது. மதிப்பெண்ணை விட அதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பள்ளித் தேர்வில் பெரும்பாலும் வகுப்பில் போட்ட கணக்கே எண் மாறி வரும். அதில் 95 வாங்கும் பிள்ளை கவனமானவள், உழைப்பவள். வழி சொல்லித்தராத ஒரு கணக்கு எதிரே வந்தால் என்ன செய்வாள் என்பதை அந்தத் தாள் காட்டாது. மேல்வகுப்புக் கணக்குக்குத் தயாரா என்ற கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். விடையை நீங்கள் சரிபார்க்க வேண்டியதில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள்.

முதலில், முக்கால் கிலோ இறாலை அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டால் எத்தனை பாக்கெட் வரும் என்று கேளுங்கள். ஒன்றரை என்பாள். உடனே, "முக்காலை அரையால் வகுத்தால் முக்காலை விடப் பெரிய விடை வருகிறதே, வகுத்தால் குறையத்தானே வேண்டும்?" என்று மடக்குங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கணும், டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க" என்று நின்றுவிட்டால், முறை தெரிகிறது, பொருள் இன்னும் பிடிபடவில்லை. "முக்காலுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதானே பார்க்கிறோம்" என்று தன் வார்த்தையில் சொன்னால் பின்னம் அவளுக்குக் கைவந்துவிட்டது. பின்னமும் விகிதமும் உறுதியாகாத பிள்ளைக்கு மேலே வரும் இயற்கணிதம் வெறும் மனப்பாடமாகத்தான் போகும்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும். ஒரு பேச்சுக்கு, டீசல், ஐஸ் செலவு போக 22,000 ரூபாய் மிச்சம். பாதி படகுக்கு. மீதியில் டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. யாருக்கு எவ்வளவு? 11,000 ரூபாயை ஐந்தரையால் வகுக்க வேண்டும் என்று வந்ததும் பல பிள்ளைகள் தயங்குவார்கள். தயங்கட்டும், உதவ வேண்டாம். பங்கையெல்லாம் அரைப் பங்காக உடைத்து, பதினொரு அரைப் பங்கு, ஒன்றுக்கு 1,000, ஆகவே டிரைவருக்கு 3,000, மற்றவர்களுக்கு 2,000 என்று அவளே கண்டுபிடித்தால் நான் மிகவும் மகிழ்வேன். தெரியாத ஒன்றை அலகாக வைத்துக் கணக்கை அதைச் சுற்றிக் கட்டுவதுதான் இயற்கணிதத்தின் வேர். எழுத்துகள் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவதுக்கு இரண்டு நாள் கொடுங்கள். அடுத்தடுத்து வரும் மூன்று எண்களைக் கூட்டினால் எப்போதும் மூன்றால் வகுபடுமா? நான்கு எண்களைக் கூட்டினால் நான்கால் வகுபடுமா? (மூன்றுக்கு எப்போதும் வகுபடும், நான்குக்கு ஒருபோதும் வகுபடாது.) ஐந்தாறு எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஆமா" என்று சொல்லி விளையாடப் போனாலும் குற்றமில்லை, ஏழாம் வகுப்புக்கு அதுவே நல்ல தொடக்கம். ஆனால் மறுநாள் அவளாக வந்து, "அம்மா, அஞ்சுக்கு மறுபடியும் வகுபடுது, ஏன்?" என்று கேட்டாள் என்றால், அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு கட்டாயம் வேண்டும். தப்பானதும் அழுகிறாளா, தாளை மறைக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். தப்பைத் தாங்காத பிள்ளையைப் பெரிய கணக்கில் தள்ளினால், இருக்கிற ஆசையும் போய்விடும்.

கூடுதல் கணக்கு வேண்டும் என்பதும் அந்த வகுப்பு வேண்டும் என்பதும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பில் வரும் இருபடிச் சமன்பாட்டை ஏழாம் வகுப்பில் சூத்திரமாகச் சொல்லிக்கொடுப்பது எளிது. காரணிப்படுத்துதல் புரியாமல் அதைப் போடுகிறவளுக்குப் பத்தாம் வகுப்பில் "இது தெரிந்ததுதானே" என்ற சலிப்புதான் மிஞ்சும். பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியக் கணக்குப் போட்டியான இந்தியக் கணித ஒலிம்பியாட்டின் முதல் படித் தேர்வை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். அதில்கூட, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் வரும் கால்குலஸ் கிடையாது. எண்ணியல், வடிவியல், எண்ணும் முறைகள் என்று பள்ளிக் கணக்கையே ஆழமாகத் தோண்டுவார்கள். வகுப்பு தாண்டி ஓடுவதை விட இந்த ஆழத்தைத்தான் உங்கள் மகளுக்கு நான் விரும்புகிறேன்.

ஆகவே மையத்துக்குப் போய் அவள் எழுதிய நுழைவுத் தேர்வுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேகக் கேள்வி என்றால் அந்தத் தேர்ச்சியைப் பெரிதாக எடுக்காதீர்கள். நடத்துவது ஆங்கிலத்திலா, தமிழிலா? பணம் கட்டுமுன் மூன்று வாரம் உட்கார்ந்து பார்க்கவிடுவார்களா? மறுத்தால் நான் சேர்க்கமாட்டேன். பாம்பன் பாலம் தாண்டிப் போய்வர பஸ்ஸிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரம் போகும். இரண்டு நாளும் என்றால் பிள்ளைக்கு ஓய்வே இருக்காது. ஒரு நாள் போதும்.

கட்டணம் கேட்கும் நேரமும் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் நகையை அடகு வைத்துக் கட்டும் அளவுக்கு எந்த ஏழாம் வகுப்புக் கணக்கும் அவசரமில்லை. படகு இறங்கிய பிறகு மாதாமாதம் கட்டுகிறேன் என்று கேளுங்கள்.

சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வு வருகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் ஒரு தாள் முழுக்க மனத்திறன் கேள்விகள், இவளைப் போன்ற பிள்ளைக்குப் பொருத்தமானது. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கணக்கு ஆசிரியரிடம் வாரம் ஒரு கடினமான கணக்கு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மகிழ்ந்து கொடுக்கும் ஆசிரியர்கள் நம் கரையோரப் பள்ளிகளில் நிறையப் பேர்.

மூன்று வாரம் வகுப்பில் உட்காரவிட்டார்கள் என்றால், மூன்றாம் வாரம் பஸ்ஸில் திரும்பும்போது "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றையாவது விளக்கினால் தொடரட்டும். "ஃபார்முலா எழுதிப் போட்டாங்க" என்று மட்டும் சொன்னால் இந்த ஆண்டு வேண்டாம், எட்டாம் வகுப்பு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம்.