அழைப்பை எடுத்தவர் மேல் வழக்கு வருமா?

கேள்வி: அவசர உதவி எண் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கிறேன். பூச்சிமருந்தோடு நிற்பதாகச் சொன்ன எஸ்டேட் தொழிலாளியிடம் பேசும்போதே லைன் கட்டாகிவிட்டது. வண்டி போவதற்குள் இறந்துவிட்டார். குடும்பத்தார் என்மேல் கேஸ் போடுவோம் என்கிறார்கள். போலீசுக்கு அவர் இருப்பிடத்தைச் சொன்னதும் தப்பா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, ஒருவர் இறந்துவிட்டார் என்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். முதலில் அதை மனதில் வையுங்கள்.

அழைப்பு எடுப்பவர்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இல்லை. பலரும் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ, சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கைகொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 31ஆவது பிரிவு: ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு அவரிடம் சொன்னது, அவருக்குத் தீங்காக முடிந்தாலும் குற்றமில்லை. ஆனால் உரிய கவனம் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று அதே சட்டம் ஏற்பதில்லை. நல்ல மனசு மட்டும் போதாது. கவனமாக இருந்தீர்கள் என்று பதிவேடு பேச வேண்டும்.

லைன் கட்டானதும் திரும்ப அழைத்தீர்களா, எத்தனை மணிக்கு? எஸ்டேட் பெயரோடு நிறுத்தாமல் டிவிஷன் (எஸ்டேட்டின் உட்பிரிவு), தொழிலாளர் லைன் வீட்டு எண், பக்கத்து பஸ் ஸ்டாப் கேட்டீர்களா? மலையில் இதில்தான் அதிகம் சறுக்குகிறது. கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர்ப் பக்கம் போன் கேரள டவரைப் பிடித்துவிடும். டவர் காட்டும் இடத்தை மட்டும் நம்பி வண்டி அனுப்பக்கூடாது. உங்கள் அறையின் நடைமுறை விதியில் இல்லாததை அழைத்தவரிடம் சொல்வதும் ஆபத்து. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னால், விஷம் நுரையீரலுக்குள் போகலாம். நல்லெண்ண வாதமும் அங்கேயே பலவீனமாகிவிடும்.

போலீசுக்குச் சொன்னது தப்பில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23ஆவது பிரிவு ரகசியம் காக்கச் சொன்னாலும், உயிருக்கு ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு தகவலைத் தர அனுமதிக்கிறது. இடம், பெயர், கையில் என்ன இருக்கிறது என்பது போதும். குடும்பச் சண்டையின் விவரம் வேண்டாம்.

இன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள்: குரல்பதிவு, அழைப்புப் பதிவேடு, வண்டி புறப்பட்ட நேரம் எதையும் அழிக்கக்கூடாது என்று. பழைய பதிவுகள் தானாக அழிந்துபோகலாம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நிறுவனமே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றும் அதில் கேளுங்கள். பணிக்கிடையே நடந்ததற்கு நஷ்டஈடு கேட்டால், பொதுவாக வேலை கொடுத்தவரும் பொறுப்பாவார். குரல்பதிவை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பதிவேட்டைத் திருத்தவே கூடாது. விட்டுப்போனது இருந்தால் இன்றைய தேதியிட்டுத் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

போலீஸ் சாட்சியாக விசாரிக்க அழைத்தால் அந்த அழைப்பை எழுத்துமூலம் கேளுங்கள். பெண் என்பதால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (விசாரணை நடைமுறைச் சட்டம்) 179ன்படி உங்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். 181ன்படி சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இல் வழக்கே பதிந்தாலும் அது ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

தூக்கம் வராவிட்டால் மனநல உதவி எண் 14416இல் நீங்களும் பேசலாம், எந்த நேரமும்.