மானியம் வருது சரி, வீடு எங்க இருக்கு?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து மாசம் 55,000 சம்பாதிக்கிறோம் சார். 32 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கோம், லோன் 22 லட்சம். பிரதமர் வீட்டு திட்டத்துல வட்டி மானியம் கிடைக்குமா? மாமனார் பேர்ல வீடு இருக்கே, அது இடிக்குமா? (வாசகி, மதுரை)

இடிக்காதும்மா. இந்த திட்டத்துல குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க, அவ்ளோதான். இவங்க பேர்ல நாட்டுல எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. வருஷ வருமானம் 9 லட்சம் வரைக்கும் ஓகே, உங்களுக்கு 6.6 தான் வருது. வீடு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள, அதுவும் சரியா இருக்கு. லோன் 2024 செப்டம்பர் 1-க்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும், நீங்க இனிமேதான் வாங்கப் போறீங்க.

ஆனா புரோக்கர் "1.80 லட்சம் கவர்மென்ட் தருது"ன்னு சொன்னா மொத்தமா கைல வரும்னு நினைச்சிடாதீங்க. முதல் 8 லட்சத்துக்கு மட்டும்தான் 4 சதவீத மானியம், அது வருஷத்துக்கு 36,000 வீதம் அஞ்சு தவணையா நேரா லோன் அக்கவுண்ட்டுக்குப் போயிடும். அசல்ல பாதிக்கு மேல பாக்கி இருந்தாதான் தவணை விடுவாங்க, அதனால நகையை வித்து சீக்கிரம் அடைச்சிடலாம்னு அவசரப்படாதீங்க. 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா உங்க இஎம்ஐ 19,800 கிட்ட வரும், மானியத்தை மாசக் கணக்குல பார்த்தா 3,000 தான். அதை நம்பி பட்ஜெட்டை ஏத்தாதீங்க. இன்னொண்ணு, கட்டிட்டு இருக்கிற ஃப்ளாட்டா இருந்து கார்பெட் ஏரியா (சுவருக்குள்ள நாம புழங்குற தரை அளவு) 90 சதுர மீட்டருக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி 1 சதவீதம்தான், பில்டர் 5 போட்டா ஏன்னு கேளுங்க.

கேள்வி: கூவம் ஓரத்துல இருந்தவங்களுக்கு ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல வீடு குடுத்தும் சிலர் அதை வாடகைக்கு விட்டுட்டு திரும்ப சிட்டிக்கே வர்றாங்களே, இது ஏமாத்து வேலை இல்லையா? (வாசகர், சென்னை)

எங்க தெருவுல நாலு வீட்ல வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க பெரும்பாக்கத்துல இருந்துதான் வர்றாங்க. முன்னாடி குடிசையில இருந்து நடந்தே வந்துடுவாங்க, இப்ப விடிகாலை அஞ்சு மணிக்கே பஸ் ஸ்டாப்புல நிக்கணும். "பஸ்ஸு ஃப்ரீ தாம்பா, ஆனா ரெண்டு வீட்டு வேலை போச்சே"ன்னாங்க. காலையில ஏழு மணிக்குள்ள பாத்திரம் கழுவணும்னு சொன்ன ரெண்டு வீட்லயும் வேற ஆள் போட்டுட்டாங்களாம். நீங்க அதை ஏமாத்துன்னு சொல்றீங்க, எனக்கு அது வயித்துப் பொழப்பு கணக்காத்தான் தெரியுது.

அதே மாதிரி குடிசைக்காரங்களைக் கொண்டுபோய் வச்ச கண்ணகி நகர்ல 15,000-க்கு மேல, பெரும்பாக்கத்துல 20,000-க்கு மேல வீடு கட்டினது அங்க நிலம் இருந்ததால, வேலை இருந்ததால இல்ல. குறைஞ்ச விலை வீட்டுக்கு செங்கல் சிமென்ட் செலவை விட இடம்தான் தலைவலி, அது தெரிஞ்சும் ஊருக்கு வெளிய கொண்டுபோய் வச்சா பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் ஆகுற செலவு அந்த ஏழை தலையில போகுது. புளியந்தோப்பு மாதிரி பழைய பிளாக்கை இடிச்சு அதே இடத்துல கட்டித் தர்றது எவ்ளோ மேல். அதுலயும் ஒரு சிக்கல், கட்டி முடிக்கிற வரைக்கும் வெளிய தங்க 24,000 ரூபா தர்றாங்க, வேலை ரெண்டு வருஷம் இழுத்தா மாசத்துக்கு ஆயிரம்தான் ஆச்சு. சிட்டியில ஆயிரத்துக்கு எந்த ரூம் கிடைக்குது சொல்லுங்க?

கேள்வி: ஸ்லம் போர்டும் ஹவுசிங் போர்டும் ஒண்ணுதானே? (வாசகர், ஆரணி)

இல்லங்க. ஹவுசிங் போர்டு 1961-ல வந்தது, காசு கட்டி வாங்குறவங்களுக்கு மனையும் ஃப்ளாட்டும் விக்கும். ஸ்லம் போர்டுங்கிற குடிசை மாற்று வாரியம் 1970-ல வந்தது, குடிசையில இருக்கிறவங்களுக்கு வீடு கட்டித் தரும், இப்ப 2021-ல இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர். ஆட்டோக்காரர்கிட்ட இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, "எந்த வாரியம்ணே?"ம்பாரு.

கேள்வி: என் மச்சான் சிங்கப்பூர்ல ஹெச்டிபி வீட்ல, அதான் அரசாங்கமே கட்டி விக்கிற வீட்ல இருக்கான். நம்ம ஊர்ல ஏன் அது முடியல? (வாசகர், தேவகோட்டை)

அங்க 1966-ல நிலம் எடுப்புச் சட்டம் போட்டு அரசாங்கம் சந்தை விலையை விட ரொம்பக் கம்மியா நிலத்தை வாங்கிக் குவிச்சது, 1968-ல நம்ம பிஎஃப் மாதிரியான சிபிஎஃப் காசையே வீடு வாங்க எடுத்துக்கலாம்னு விட்டாங்க. இன்னைக்கு அங்க குடியிருக்கிறவங்கள்ல பத்துல எட்டு பேருக்கு ஹெச்டிபி வீடுதான். ஆனா உங்க மச்சான்கிட்ட ஒண்ணு கேளுங்க, புதுசா அரசாங்கத்துகிட்ட வாங்கினா குத்தகை 99 வருஷம்தான், குறைஞ்சது அஞ்சு வருஷம் அதுலயே குடியிருந்தாதான் விக்க முடியும். தாத்தா வாங்கின மனையை பேரன் வரைக்கும் பூட்டி வச்சிருக்கிற நம்மாளுங்ககிட்ட 99 வருஷக் குத்தகைன்னு போய் சொல்லிப் பாருங்களேன்.