லாவோஸ் சமையல்: கேள்வி பதில்

அக்கா, லாவோஸ் ஒட்டரிசி வாங்கிக் குக்கரில் வைத்தேன். பசை காய்ச்சிய மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

அதைத் தண்ணீரில் வேகவிடக் கூடாது. காவ் நியாவ் என்று அங்கே சொல்லும் இந்த ஒட்டரிசி ஆவியில் வேக வேண்டியது. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, கூம்பு மாதிரியான மூங்கில் கூடையில் கொட்டி, கழுத்து குறுகிய பானையின் வாயில் செருகி வைப்பார்கள். கூடையின் அடியில் தண்ணீர் படாது. 20 நிமிடம் கழித்துக் கூடையைக் குலுக்கி, சோற்றை மொத்தமாகப் புரட்டிவிட்டு, இன்னும் சில நிமிடம் வைக்க வேண்டும். அப்புறம் பலகையில் கொட்டி, மரக்கரண்டியால் பரத்தி ஆவியைப் போக்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் நசநசத்துப் போகும். இட்லிப் பானையில் துணி விரித்தும் வைக்கலாம், நன்றாகவே வரும்.

கருப்புக் கவுனி போட்டால்?

அங்கேயும் கருப்பு ஒட்டரிசி உண்டு, பெரும்பாலும் இனிப்புக்குத்தான். சாப்பாட்டுக்கு வெள்ளையே சரி.

லாப் என்றால் பச்சைக் கறியாமே?

பச்சையாகவும் செய்வார்கள், வேகவைத்தும் செய்வார்கள். நீங்கள் வேகவைத்ததையே சாப்பிடுங்கள். மீனிலும் லாப் உண்டு; மீகாங் பகுதி ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிட்டால் கல்லீரல் தட்டைப்புழு தொற்றலாம். வருடக்கணக்கில் உள்ளே இருந்தால் பித்தநாளப் புற்றுநோய் வரை போகும்.

செய்முறை எளிது. கொத்துக்கறியை வதக்கி இறக்கி, எலுமிச்சை, மிளகாய், புதினா, வெங்காயத்தாள் சேர்த்துப் பிசற வேண்டும். உயிர்நாடி வறுத்த அரிசிப் பொடி. ஒட்டரிசியை எண்ணெய் விடாமல் பழுப்பாக வறுத்து, கொரகொரப்பாக இடித்துத் தூவுங்கள். அது இல்லாத லாப் வெறும் எலுமிச்சைக் கறிதான்.

பப்பாளிக்காய் சாலட் தாய்லாந்துடையதுதானே?

இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை! வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் மக்களில் பெரும்பாலோர் லாவோ வழியினர்தான். சுவையில் வித்தியாசம் உண்டு. பாங்காக் தட்டில் வேர்க்கடலையும் இனிப்பும் தெரியும். லாவோஸின் தாம் மாக் ஹூங்கில் பாடெக் முந்திக்கொள்ளும். ஆற்று மீனை உப்பும் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் ஜாடியில் புளிக்கவைத்தது அது. கருவாட்டு வாசனைக்குப் பழகிய மூக்கு தாங்கிக்கொள்ளும்.

நான் சுத்த சைவம். பட்டினியா?

ஒட்டரிசியும் சுட்ட கத்திரிக்காய்த் துவையலான ஜேவ் மாக் குவாவும் போதும். ஆனால் பாடெக், மீன் சாறு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்கறித் தட்டிலும் இருக்கும்.

லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்துக்குப் போகிறோம். எதை விடக் கூடாது?

ஓர் லாம். உலர்த்திய எருமைக் கறி அல்லது தோல், கத்திரிக்காய், சதகுப்பைக் கீரை எல்லாம் போட்டு நிதானமாகக் கொதிக்கும் கெட்டிக் குழம்பு. கூடவே ஆற்றுப்பாசியில் எள்ளும் பூண்டும் பதித்து உலர்த்திப் பொரித்த காய்பேன் வாங்குங்கள். குழம்பில் சக்கான் என்கிற மரத்துண்டு கிடக்கும். மிளகு இனத்துக் கொடி அது, நாக்கு லேசாக மரத்துப்போகும். மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம்.