திங்க்பேட் டபிள்யூ530: இன்றும் உதவுமா? கேள்வி பதில்

லெனோவோ 2012இல் கொண்டுவந்த 15.6 அங்குல வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் டபிள்யூ530. மேசைக் கம்ப்யூட்டரின் வேலையைச் செய்யவே கட்டிய மெஷின். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

அண்ணா, செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது. பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்கணும்?

ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது மெஷினின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். அந்த அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டு, அது விற்பவருக்கும் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். அது மதர்போர்டில் தனிச் சிப்பில் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் காயின் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. அடுத்து அடாப்டரைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 20 வோல்ட், 8.5 ஆம்பியர், அதாவது 170 வாட் என்றிருந்தால் கவலையில்லை.

என் மெஷினில் ஐ7-3740க்யூஎம் பிராசஸர் இருக்கு. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ஆமை வேகம். பிராசஸர் போச்சா?

பிராசஸர் அவ்வளவு எளிதில் போகாது. எக்ஸ்போர்ட் ஓடும்போது வெப்பத்தையும் கிளாக்கையும் (பிராசஸர் ஓடும் வேகம்) சேர்த்துப் பாருங்கள். முதல் நொடியிலிருந்தே கிளாக் 2.7 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே, வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 90 வாட் அடாப்டர் மாட்டினால் இந்த மெஷின் தன் வேகத்தைத் தானே கட்டிப்போடும்.

முதலில் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடி, வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியதும் சரிந்தால் கோளாறு குளிர்விப்பில். கீபோர்டையும் பாம்ரெஸ்ட்டையும் கழற்றி ஃபேனை எடுங்கள். ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது இன்னும் இறுகும், கழற்றித்தான் எடுக்கணும். சிப்பில் வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை ஓர் அரிசி அளவு வையுங்கள். தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டு) இருந்த இடத்தில் மட்டும் பேஸ்ட் தடவாதீர்கள். அங்குள்ள இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

ராம் எவ்வளவு போடலாம்?

குவாட் கோர் மாடலில் 32 ஜிபி: நான்கு 8 ஜிபி டிடிஆர்3-1600 சோடிம் (லேப்டாப் ராம் குச்சி). இரண்டு ஸ்லாட் அடிமூடியின் கீழ், இரண்டு கீபோர்டின் கீழ். 16 ஜிபி டிடிஆர்3 குச்சியை இந்தத் தலைமுறை பிராசஸர் ஏற்காது. மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

எஸ்எஸ்டி எங்கே மாட்டுவது? என்விஎம்இ போகுமா?

என்விஎம்இ, அதாவது இன்றைய வேகமான எஸ்எஸ்டி வகை, போகாது. சிஸ்டத்தை 2.5 அங்குல முதன்மை பே-யில் போடுங்கள். அதன் டிஸ்க் இணைப்பு சாட்டா 3. சின்ன எஸ்எஸ்டி கார்டுக்கான எம்சாட்டா ஸ்லாட் சாட்டா 2 என்பதால் ஏறத்தாழ அதில் பாதி வேகம்தான். ஃபைல் வைக்கப் போதும். டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிஸ்க் தாங்கும் சட்டம் (caddy) மாட்டினால் மூன்றாவது டிஸ்க்கும் வைக்கலாம்.

லினக்ஸ் போட்டேன் சார். மேசை மானிட்டரில் படமே வரவில்லை.

இந்த மாடலைப் பிடித்த பழைய தலைவலி இது. விஜிஏ, மினி டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கின்றன. பயாஸில் ‘இன்டகிரேட்டட்’ (பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸ்) மட்டும் தேர்ந்தெடுத்தால் வெளித்திரைக்கு வழியே இல்லை. ‘ஆப்டிமஸ்’ (இரண்டும் சேர்ந்து) அல்லது ‘டிஸ்கிரீட்’ (என்விடியா மட்டும்) வையுங்கள். இதில் வரும் என்விடியா சிப்கள் கே1000எம், கே2000எம் இரண்டும் கெப்லர் என்ற பழைய தலைமுறை. என்விடியாவின் சொந்த டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. புதிய லினக்ஸ் கெர்னலில் அதை ஏற்றிப் போராடுவதைவிட, லினக்ஸோடு வரும் திறமூல நூவோ டிரைவரோடு இருப்பதே நிம்மதி. ஏஐ மாடல் ஓட்ட இந்த ஜிபியுவை நம்பாதீர்கள். ஜிபியு போர்டோடு சால்டர் செய்தது, மாற்றவும் முடியாது.

யூடியூப் பார்த்தாலே ஃபேன் அலறுது.

யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வகை வீடியோவை விரிக்கும் வன்பொருள் இதில் இல்லை. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில். பழைய எச்264 வகை வீடியோவை மட்டும் யூடியூபிடம் கேட்கவைக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள், சத்தம் உடனே அடங்கும். அதற்கு 1080பி-யோடு நிற்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11?

அதிகாரப்பூர்வமாக இல்லை. பிராசஸரும் பழையது, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும் பழைய 1.2. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இணையத்தோடு இருக்கும் மெஷின் என்றால் நான் லினக்ஸ்தான் சொல்வேன்.

வைஃபை கார்டு மாற்றியதும் 1802 என்று காட்டி நின்றுவிட்டது.

பயாஸில் உள்ள அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டு. பழையதைத் திரும்ப மாட்டுங்கள், மெஷின் எழுந்துவிடும். வேகம் வேண்டுமென்றால் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு வைஃபை அடாப்டர் சொருகுவது எளிது. பட்டியலை நீக்கும் மாற்று பயாஸ் உண்டு. ஆனால் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். நல்ல பேட்டரியும் அடாப்டரும் சேர்ந்து இருக்கும்போது மட்டும் அதில் கை வையுங்கள்.