ஹகோனே மலை ரயிலில் எங்கே அமர்வது?

ஜப்பானின் ஹகோனே மலைப் பகுதியில் ஹகோனே-யுமோட்டோ நிலையத்திலிருந்து கோரா நிலையத்துக்குச் செல்லும் ரயில் மூன்று இடங்களில் பின்னோக்கித் திரும்புவதால், முன்பக்கக் காட்சிக்கு எந்தப் பெட்டியில் ஏறுவது என்று கேட்டிருந்தீர்கள். கடைசிப் பெட்டியே என் தேர்வு. ஓஹிராதாய் நிலையத்துக்கு முன், ரயில் முதன்முறை திசை மாறும் தேயாமாவில் ஓட்டுநரும் நடத்துநரும் இடம் மாறிக்கொண்டதும் அதுவே முன்பெட்டியாகும், கோராவுக்கு முந்தைய இறுதிப் பகுதியிலும் அதுவே முன்னே செல்லும். தேயாமாவுக்குச் சற்று முன் வரும் ஹயகாவா பாலத்தைத் தவறவிடாதீர்கள். 1888-இல் தென்ரியூ ஆற்றுப் பாலத்துக்காக அமைந்த இரும்புச் சட்டங்களையே இங்கு மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள்.

1919-இல் திறக்கப்பட்ட இப்பாதை, 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான இடங்களிலும் பற்சக்கரத் தண்டவாளம் இன்றியே ஏறுகிறது. கூர்மையான வளைவுகளில் தேய்மானத்தைக் குறைக்க எண்ணெய் பூசினால் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், ரயிலே தண்டவாளத்தின் மீது தண்ணீரைத் தெளித்துக்கொண்டு செல்லும். ஜூன் நடுப்பகுதிக்குப் பின் சென்றால் ஹைட்ராஞ்சியா மலர்கள் ஜன்னலை உரசும், கூட்டமும் அப்படியே.