தேங்காய்நார்த் தூளில் வாடும் ஃபலனாப்சிஸ்

தினமும் தண்ணீர் ஊற்றியும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலை சுருங்குகிறது, தொட்டியில் இருப்பது தேங்காய்நார்த் தூள் என்கிறீர்கள். ஈரம் குறையவில்லைங்க, வேர் அழுகியிருக்கிறது. மரத்தில் ஒட்டி வளரும் செடி. வேருக்குக் காற்று வேண்டும்.

தூளை உதறி, நசுங்குகிற பழுப்பு வேர்களைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். தூளுக்குப் பதிலாகத் தொட்டியில் 1–2 செ.மீ. தேங்காய்மட்டைத் துண்டு மூன்று பங்கு, மரக்கரி ஒரு பங்கு போதும். மட்டையை முதலில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிடுங்கள். இதை விட்டால் வேர்நுனி கருகும்.

ஏற்காட்டுக் குளிருக்கு ஏற்ற தண்ணீர் ஊற்றும் இடைவெளி சேலம் வெயிலுக்கு ஒத்துவராது. நாள் எண்ணாமல் வேரைப் பாருங்கள்: பச்சை என்றால் பொறுங்கள், வெள்ளிச் சாம்பலானால் காலையில் ஊற்றுங்கள். குருத்தில் தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க மறக்காதீர்கள். குருத்து அழுகினால் செடியே போய்விடும்.