கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது பலகைத் தரையுள்ள பழைய ஓட்டு வீடு. இரவில் விளக்கைப் போட்டால் பூச்சிகள் கூட்டமாக வந்து சுவரில் உட்காருகின்றன. சன்னலுக்கு வலை அடித்தோம், மருந்தும் தெளித்தோம். அப்படியிருந்தும் பீரோவிலிருந்த கம்பளிப் போர்வைகளில் ஓட்டை விழுந்திருக்கிறது. தோடர் பூவேலைச் சால்வை ஒன்றில் துணி அப்படியே இருக்க, நூல் வேலை மட்டும் அரிபட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கும் போர்வையில் விழுந்த ஓட்டைகளுக்கும் தொடர்பில்லை. சோலையும் தேயிலைத் தோட்டமும் சூழ்ந்த ஊரில், மழை விட்ட இரவுகளில் விளக்கடியில் கூடுபவை வெளியே இலைதழைகளைத் தின்று வளர்ந்தவை. அவற்றை விரட்டச் செலவிட்ட மருந்து வீண். கம்பளியை அரிக்கும் இனம் வெளிச்சத்தைக் கண்டால் இருட்டுக்குள் ஒதுங்கிவிடும். வெளிர் வைக்கோல் நிறத்தில் ஓர் அரிசியின் நீளமே இருக்கும் அந்தப் பூச்சியும் வளர்ந்தபின் எதையும் தின்பதில்லை. அரிப்பதெல்லாம் அதன் புழுதான். கண்முன் பறப்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். பெண் பூச்சி துணி மடிப்புக்குள் ஒளிந்து 40, 50 முட்டைகள் வரை இடும்.

உங்கள் சால்வையே இதற்குச் சான்று. கம்பளி, முடி, இறகு ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைச் செரிக்கும் திறன் இந்தப் புழுவுக்கு உண்டு. தோடர்களின் பூத்துக்குளி எனப்படும் இந்தப் பூவேலைச் சால்வையில் அடித்துணி பருத்தி. அதன்மேல் சிவப்பும் கறுப்புமாக ஓடும் பூவேலை மரபாகக் கம்பளி நூலால் ஆனது. புழு பருத்தியை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டிய நூலை மட்டும் தின்றிருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையில் இப்போது செயற்கை நூலும் புழங்குவதால், உங்கள் சால்வை அசல் கம்பளி நூலில் தைத்தது என்பதற்குப் புழுவே சாட்சி சொல்லியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். வியர்வையோ எண்ணெயோ குழம்போ பட்ட துணியாக இருந்தால், பருத்தியும் செயற்கை இழையும்கூட அந்தக் கறைக்காக அரிபடக்கூடும்.

மலையில் நாள்தோறும் உடுத்தும் ஸ்வெட்டர் அரிபடுவது அரிது. விருந்தாளிகளுக்கென்று மடித்து, ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்த போர்வைதான் இரையாகிறது. குளிர்ந்த இடத்தில் புழு மெதுவாக வளர்வதால், அந்தப் பருவம் சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரைகூட நீளலாம். ஒருமுறை மருந்து தெளித்ததோடு வேலை முடியாமல் போவது இதனால்தான்.

வெயிலுள்ள ஒரு நாளில் பீரோவை முழுவதும் காலி செய்து, ஒவ்வொரு துணியையும் வாசலில் விரித்து, காலர், கைமடிப்பு, தையலோரம் ஆகிய இடங்களை உற்றுப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை போன்ற குழாயும், துணியின் நிறத்திலேயே மணல் போன்ற துகள்களும் இருந்தால் புழு அங்கே குடியிருக்கிறது. இவற்றில் ஓர் இனம் தான் தின்னும் கம்பளி இழையாலேயே சிறு கூடு பின்னி, அதை இழுத்துக்கொண்டே நகரும்; சிவப்புப் போர்வையில் அந்தக் கூடும் சிவப்பாக இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து உதறினால் முட்டைகளும் புழுக்களும் பெருமளவு உதிர்ந்துவிடும்.

55 டிகிரி செல்சியஸ் வெப்பம் புழுவைக் கொல்லும் என்றாலும், அந்தச் சூட்டில் துவைத்தால் கம்பளி சுருங்கிவிடும். ஆகவே டிரைகிளீனிங்கிற்குக் கொடுக்கலாம். அல்லது பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். மழைக்காலத்தில் நெடுநேரம் மின்சாரம் போய்க் குளிர் குறைந்துவிட்டால், அன்றிலிருந்து மீண்டும் நாளை எண்ணத் தொடங்குவது நல்லது. வெளியில் எடுத்தபின் பை அறைச்சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள்; இல்லையேல் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். மார்கழிப் பனியில் இரவு முழுவதும் வெளியே போட்டால் போதாதா என்று சிலர் நினைப்பதுண்டு. உறைபனி சில மணி நேரமே நீடிப்பதால் அதை நம்பி இருந்துவிட முடியாது.

பீரோவோடு நின்றுவிடாதீர்கள். பலகைத் தரையின் இடுக்குகளில் சேரும் தலைமுடியும் நாய் முடியும், கம்பளத்தின் அடிப்பக்கமும், கூரைக்கடியில் பறவைகள் விட்டுச்சென்ற கூடுகளும், அட்டத்தில் செத்துக் கிடக்கும் எலியும் இந்தப் புழுவுக்கு உணவு. பழைய வீடுகளில் பூச்சி திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தத் தூசியை உடனே வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். பறவைக் கூட்டைக் குஞ்சுகள் பறந்துபோன பிறகு எடுத்தால் போதும்.

கேள்வி: பீரோவில் அந்துருண்டை போடலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதற்குப் பதிலாக நீலகிரித் தைலமோ வேப்பிலையோ வைத்தால் பலன் உண்டா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம். அந்துருண்டையிலிருந்து வரும் நாப்தலின் ஆவி, மூடிய பெட்டிக்குள் அடர்ந்து நின்றால்தான் புழுவைக் கொல்லும். அடிக்கடி திறக்கும் பீரோவில் அது பூச்சியைக் கொல்வதைவிட நம் மூக்கில் ஏறுவதே அதிகம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையோடு வைத்த துணியைப் போர்த்தினாலேகூட இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். தவழும் குழந்தை வெள்ளை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும் என்பதால், அதுவும் மாற்றாகாது.

நம் ஊர்த் தைலத்தின் மணம் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மடிப்புக்குள் இருக்கும் புழுவை அது எட்டுவதுமில்லை, துணியில் பட்டால் கறையும் பிடிக்கும். வேப்பிலையும் வசம்பும் சுத்தமான துணிக்கு ஓரளவு காவலாக இருக்கலாமே தவிர, ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை அவை ஒன்றும் செய்யா. வேப்பிலையோ மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்தால்தான் உண்டு. துவைத்து நன்றாக உலர்த்திய துணியை இறுக மூடும் பையில் அல்லது டப்பாவில் வைப்பதே என் பரிந்துரை. இம்மலையில் இரண்டு பருவமழைகளும் பெய்வதால், அரைகுறையாக உலர்ந்த துணியைப் பையில் அடைத்தால் பூசணம் பூத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ரவையிலும் ரேஷன் அரிசியிலும் நூல் கட்டுகிறது, சமையலறையில் பூச்சி பறக்கிறது. இதுவும் கம்பளிப் பூச்சிதானா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: இல்லை, இது தானியத்தில் வளரும் வேறு இனம், உங்கள் ஸ்வெட்டருக்கு இதனால் தீங்கில்லை. நூல் கட்டிய ரவையை எறிந்துவிடுங்கள். புதிதாக வாங்கும் ரவை, மாவு வகைகளைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். புழு கூடு கட்டுவதற்கு டப்பாவை விட்டு ஏறிச் சென்றுவிடும் என்பதால், அலமாரியின் மூலைகளையும் விட்டம் சுவரைத் தொடும் இடங்களையும் துடைக்க மறவாதீர்கள்.